கலிபோர்னியாவில் வெயில் தணிந்த பிறகும் காட்டுத்தீ ஏன்?

கோடை முடிந்தால் தீ அபாயம் குறைய வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் நிலைமை நேர்மாறு. அங்கே கோடையில் மழை மிகமிகக் குறைவு. அக்டோபருக்குள் புல்லும் புதரும் கையில் எடுத்தாலே நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். அப்புறம் காற்று. உள்நாட்டு மேட்டுநிலத்தில் குளிர்ந்து கனத்த காற்று, மலைக் கணவாய்கள் வழியே கடலை நோக்கி இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடேறும், ஈரப்பதமும் சரிந்துவிடும். தெற்கே இதற்குச் சாண்டா அனா காற்று என்று பெயர். என்னைக் கேட்டால், வெயிலைவிட இந்தக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2018 நவம்பர் 8 அன்று, மழைக்காலம் தாமதமாகியிருந்த நேரத்தில், மின்கம்பியில் கிளம்பிய தீயைப் பலத்த வடகிழக்குக் காற்று சில மணி நேரத்திலேயே வட கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊருக்குள் கொண்டுவந்துவிட்டது. 85 பேர் இறந்தார்கள்.