பெல்ட், பயம், முழங்கால்: ஒரு கராத்தே மாஸ்டரின் பதில்கள்

வந்த கேள்விகளில் பாதி பெல்ட்டைப் பற்றியவை. அது எதிர்பார்த்ததுதான். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கிவிட்டேன். நான் பழகியதும் சொல்லித்தருவதும் ஷோட்டோகான் என்ற கராத்தே ஸ்டைல். மற்ற ஸ்டைல்களில் சில பெயர்கள் மாறும், விஷயம் பெரிதாக மாறாது.

கேள்வி: மாஸ்டர், பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருடம் ஆகும்? ஒரு இடத்தில் சேரும்போதே ‘இரண்டு வருடத்தில் பிளாக் பெல்ட்’ என்று சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்புக்குத் தவறாமல் வந்து, வீட்டிலும் கொஞ்சம் செய்கிறவருக்கு நான்கைந்து வருடம் ஆகும். சிலருக்கு எட்டும் ஆகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் பல மணி நேரம் பழகுகிறவர் இன்னும் சீக்கிரம் வாங்கலாம். ஆனால் நீங்கள் ஒரு பன்ச் போட்டுக்கூடப் பார்க்காத ஆள் தேதி குறித்துக் கொடுக்கிறார் என்றால், எதைப் பார்த்துக் குறிக்கிறார்?

இந்தப் பெல்ட், டான் (பிளாக் பெல்ட்டிலிருந்து தொடங்கும் படிகள்) எல்லாம் கராத்தேயில் பிறந்தவையே இல்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880களில் டான் கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் ஷோட்டோகானுக்கு மூலவரான ஃபுனகோஷி கிச்சின் அந்த முறையை எடுத்துக்கொண்டு, 1924இல்தான் தன் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் வழங்கினார். அதற்கு முன்னால் கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் யாருக்கும் கலர் பெல்ட் கிடையாது. அவர்களுடைய பன்ச் ஒன்றும் இளப்பமாக இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: பிரவுன் பெல்ட்டில் இருக்கிறேன். அடுத்த பெல்ட்டுக்கான கிரேடிங் தேர்வில் இரண்டாவது தடவையும் ஃபெயில். ‘கிமே இல்லை’ என்றார்கள். இன்னும் பலமாகப் போட வேண்டுமா? தனியாக எப்படிப் பழகுவது?

பதில்: கிமே என்றால் அடி சேரும் நொடியில் உடம்பின் வலு முழுவதும் ஒன்றாகக் குவிவது. பலமாகப் போடுவதுதான் உங்கள் பிரச்சினையாகவே இருக்கலாம். நீங்கள் செய்வதை நான் பார்க்கவில்லை, ஆனால் பிரவுன் பெல்ட்டில் இந்தக் குறை வந்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் ஒன்றுதான். கை கிளம்பும்போதே தோளும் கழுத்தும் இறுகிவிடுகின்றன. இறுகிய தசை வேகமாக நகராது. போய்ச் சேர்வதற்குள்ளேயே வலு செலவாகிவிடும், கடைசியில் இறுக்குவதற்கு மிச்சம் இருக்காது. கை தளர்வாகப் போக வேண்டும். சேரும் இடத்தில் வயிறு, இடுப்பு, பின்கால், முஷ்டி எல்லாம் ஒரே நொடியில் இறுகி, உடனே விட்டுவிட வேண்டும். அந்த ‘விடுவது’ வராவிட்டால் அடுத்த அசைவு தாமதமாகத்தான் கிளம்பும்.

இதைச் செய்து பாருங்கள். ஹெயான் ஷோடான் என்ற கட்டாவை, அதாவது தனியாகச் செய்யும் அந்த அசைவு வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன் பெல்ட்காரரை முதல் கட்டாவுக்கு அனுப்புகிறாரே என்று கோபப்பட வேண்டாம். மொத்தம் 21 அசைவுகள், கியாய் என்ற உரத்த குரல் வருவது 9இலும் 17இலும். முழுக் கட்டாவையும் துளி வலுவில்லாமல், பாதி வேகத்தில், தூக்கக் கலக்கத்தில் செய்வது போலச் செய்யுங்கள். அந்த இரண்டு இடத்தில் மட்டும் முழு வலு. அடுத்த அசைவில் மறுபடியும் தளர்வு. முதலில் சிரிப்பு வரும். சில வாரம் செய்தால் எந்த இடத்தில் உடம்பு தேவையில்லாமல் இறுகுகிறது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் மற்ற அசைவுகளுக்கும் அந்த வலுவைப் பரப்புங்கள்.

ஃபோனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். கையைப் பார்க்க வேண்டாம், தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா, பின்கால் குதிகால் தரையை விட்டுத் தூக்குகிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். டிரஸ்ஸில் ‘டப்’பென்று சத்தம் வந்தால் கிமே வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கெட்டியான துணி வாங்கினாலே அந்தச் சத்தம் வரும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. அவளே ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தாள். ஒரு வருடம் நன்றாகப் போனாள், இப்போது வகுப்பு நாள் வந்தாலே அழுகிறாள். கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: இரண்டையும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள் அம்மா. ‘ஏன் பிடிக்கவில்லை’ என்று கேட்டால் குழந்தைக்குப் பதில் சொல்லத் தெரியாது. ‘வகுப்பில் எந்த நேரம் வந்தால் கஷ்டமாக இருக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். ஃபைட் என்று சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட பையனோடு ஜோடி சேர்வது என்று சொல்லலாம். மாஸ்டரின் பெயரையே சொல்லலாம். அப்புறம் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கவே கூடாது என்று சொல்கிற இடமாக இருந்தால், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பயமோ வலியோ இல்லை, வெறும் சலிப்புதான் என்றால் அது ஒரு வருடத்தில் வருவது சகஜம். புதுமை தீர்ந்து அதே கட்டா திரும்பத் திரும்ப வரும் காலம் அது. ‘அடுத்த கிரேடிங் வரை போ, அதற்கப்புறம் போவதா வேண்டாமா என்று நீயே சொல்’ என்று பேசி முடியுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை உங்களை நம்பமாட்டாள்.

இன்னொன்று. இந்த வயதில் பலகை உடைக்கவோ, மக்கிவாரா என்ற குத்துப்பலகையில் குத்தவோ, கடினமான தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்கவோ விடாதீர்கள். எலும்பு வளரும் இடங்கள் இன்னும் முதிரவில்லை. விழாவில் பார்க்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதில் குழந்தைக்கு லாபம் எதுவும் இல்லை.

கேள்வி: 43 வயது, உட்கார்ந்தே செய்யும் வேலை, முழங்கால் கொஞ்சம் தகராறு. ஃபுனகோஷியே ஐம்பதுக்கு மேல்தான் டோக்கியோவுக்குப் போய்ப் பிரபலமானார் என்று படித்தேன். நானும் தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் ஃபுனகோஷியைத் துணைக்கு அழைக்க வேண்டாம். 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டியபோது அவருக்கு 53 வயது, உண்மைதான். அதற்கு முன்னால் சிறுவயதிலிருந்தே அசாத்தோ, இதோசு என்ற இரண்டு பெரிய ஆசான்களிடம் பழகியவர் அவர். நீங்கள் இன்று ஆரம்பிக்கிறீர்கள், உங்கள் உடம்புக்கு உங்கள் கணக்கு.

முழங்காலுக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள். வகுப்பில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முன்காலை மடக்கி நிற்கும் ஸென்குட்ஸு டாச்சியில் முன்முட்டி கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே இருக்கட்டும், உள்பக்கம் சரியக் கூடாது. திரும்பும்போது பாதத்தைச் சுழற்றித் திரும்புங்கள். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு முட்டி மட்டும் திருகினால்தான் தசைநார் கிழிகிறது. காலைச் சுழற்றி உதைக்கும் மவாஷி கெரியிலும் இதே கதைதான், ஊன்றிய கால் சுழல வேண்டும். அப்புறம், ஸ்டான்ஸை இருபது வயதுக்காரர் அளவுக்குத் தாழ்த்த வேண்டாம். உயரமாக நில்லுங்கள், மாஸ்டர் ஏதாவது சொன்னால் காரணத்தைச் சொல்லுங்கள், நல்ல மாஸ்டர் ஒத்துக்கொள்வார். ரத்தக்கொதிப்பு இருந்தால், உடம்பை இறுக்கி மூச்சை அழுத்திச் செய்யும் ஸான்சின் மாதிரியான பயிற்சிகளை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

கேள்வி: கட்டா வெறும் டான்ஸ்தானே? நிஜ சண்டையில் யார் அப்படி நிற்கிறார்கள்?

பதில்: கட்டா மட்டும் பழகிவிட்டு ஃபைட் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தூரமும் நேரமும் எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் பழகும். இந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆனால் கட்டா இப்படிக் காற்றில் தொங்குவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1900களின் தொடக்கத்தில் இதோசு அங்கோ கராத்தேயை ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். வரிசையாக நிற்கும் நிறைய மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் சொல்லித்தர வேண்டும், அதுவும் பிள்ளைகளுக்கு. அதற்காக அவர் அமைத்தவைதான் ஐந்து பினான் கட்டாக்கள், நாங்கள் ஹெயான் என்கிறோம். உடற்பயிற்சியாக அது பெரிய வெற்றி. ஆபத்தான பிரயோகங்கள் பின்னால் தள்ளப்பட்டன, ‘இந்த அசைவு எதற்கு’ என்ற கேள்வியும் பல இடங்களில் கூடவே போய்விட்டது. அதனால் உங்கள் மாஸ்டரிடம் கேளுங்கள். ‘இந்த இடத்தில் பின்னால் இழுக்கும் கை எதைப் பிடித்திருக்கிறது?’ என்று கேட்டாலே பாதி கட்டா வேறு மாதிரி தெரியும்.

கேள்வி: ஃபைட்டில் பன்ச் வந்தாலே கண்ணை மூடிவிடுகிறேன். தைரியம் எப்படி வரவைப்பது?

பதில்: இதில் தைரியத்துக்கு வேலையே இல்லை. கண் மூடுவது அனிச்சைச் செயல், எல்லோருக்கும் உண்டு. நீங்கள் முஷ்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எதிராளியின் கழுத்துப்பட்டைப் பக்கம் பாருங்கள், தோளும் இடுப்பும் சேர்ந்து கண்ணில் படும். எதிராளி ஐந்து அடி முன்னேறித் தாக்க, நீங்கள் தடுக்கும் கோஹோன் குமிட்டேயை மெதுவாக, முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தச் சொல்லிச் செய்யுங்கள். பன்ச் வரும்போது மூச்சை வெளியே விடுங்கள். மெல்ல மெல்ல அந்த ஒரு சாணைக் குறைக்கலாம்.

கேள்வி: போன வருடம் முதல் டான் வாங்கினேன் மாஸ்டர். உடனே சின்னப் பிள்ளைகள் பேட்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டார்கள், இருபது பேர். யாரும் சொல்வதைக் கேட்பதில்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது. என் சொந்தப் பயிற்சியும் படுத்துவிட்டது.

பதில்: தம்பி, இதற்கு நீளமாகவே சொல்கிறேன். கராத்தே பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், சொல்லித்தரப் பழகியவர்கள் குறைவு. டான் கிடைத்ததும் ஒரு பேட்ச்சைக் கையில் கொடுத்துவிடுகிறார்களே தவிர, எப்படிச் சொல்லித்தருவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

முதல் விஷயம், கண்ணில் படுகிற எல்லாத் தப்பையும் திருத்தாதீர்கள். ஒரு பிள்ளை கெடான் பராய், அதாவது கீழ்த்தடுப்பு, போடுகிறது. முன்முட்டி மடங்கவில்லை, பின்குதிகால் தூக்கியிருக்கிறது, தோள் ஏறியிருக்கிறது, பார்வை தரையில், இன்னொரு கை இடுப்புக்கு வரவே இல்லை. ஐந்தையும் சொன்னால் எதுவும் அதன் மனதில் நிற்காது, ‘நான் மொத்தமாகச் சரியில்லை’ என்பது மட்டும் நிற்கும். ஒன்றை மட்டும் எடுங்கள், அதையும் காலிலிருந்து எடுங்கள். குதிகால் பதிந்தால் இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினால் தோளைத் தூக்கி வலு தேட வேண்டியதில்லை. மேலே உள்ள இரண்டு தப்பு தானாகவே போய்விடும். மிச்சத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். எதை இன்றைக்குத் திருத்தக் கூடாது என்று முடிவெடுக்கத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல மாஸ்டர் என்பேன்.

இரண்டாவது, ஒருவர் இருவர் தப்பாகச் செய்தால் அது அவர்கள் தப்பு. இருபதில் பத்துப் பேர் ஒரே மாதிரி தப்பாகச் செய்தால் அது நீங்கள் காட்டியது. பிள்ளைகள் சொல்வதைவிடச் செய்வதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கையை இழுக்கும்போது நீங்கள் தலையை லேசாகச் சாய்ப்பவர் என்றால், அடுத்த மாதம் வகுப்பே தலையைச் சாய்க்கும்.

கத்துவதை விடுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் விளக்கம் வேண்டாம், அதற்குள் அவர்கள் மனம் வேறெங்கோ போயிருக்கும். ஒரே பன்ச்சை நின்ற இடத்தில், முன்னால் நகர்ந்து, பின்னால் நகர்ந்து, கண்ணை மூடி, ஜோடியாக என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவர்களுக்கு அது ஐந்து விளையாட்டு, உங்களுக்கு ஒரே பன்ச் நூறு தடவை. பாராட்டும்போது ‘சூப்பர்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இந்தத் தடவை குதிகால் தூக்கவில்லை’ என்று சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எப்போதும் சத்தமில்லாமல் நிற்கும். வகுப்புக்கு ஒரு தடவையாவது அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

உங்கள் பயிற்சி படுத்ததற்குக் காரணம், சொல்லித்தரும் நேரத்தையே பயிற்சியாகக் கணக்கு வைத்திருப்பீர்கள். இச், நி, ஸான் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் பயிற்சி செய்யவில்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் உங்களுடையது, அதில் யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். பெரியவர்கள் வகுப்பில் மாணவராக நிற்பதையும் விடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: உடம்பு சூடாகாமல், ஒரே காலால் திரும்பத் திரும்பக் கிக் செய்து காட்டாதீர்கள். நிறைய மாஸ்டர்களின் இடுப்பும் பின்தொடையும் இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

கேள்வி: எங்கள் மாஸ்டர் தப்பு செய்தால் குச்சியால் அடிப்பார். ‘ஒழுக்கம் வர வேண்டாமா’ என்கிறார். இது கராத்தேயில் சகஜமா?

பதில்: சகஜமாக இருக்கும் இடங்கள் உண்டு, அதனால் அது சரியாகிவிடாது. கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது என்பது ஃபுனகோஷி எழுதிவைத்த இருபது நெறிகளில் முதலாவது. அந்த வணக்கத்தில் மாஸ்டரும் குனிகிறார். வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: யாராவது கத்தியோடு வந்தால் என்ன டெக்னிக்?

பதில்: ஓட்டம். பையைக் கேட்டால் பையைக் கொடுத்துவிட்டு ஓட்டம்.

கேள்வி: கராத்தே மனிதனைப் பக்குவப்படுத்தும் என்கிறார்கள். தலைக்கனம் பிடித்த பிளாக் பெல்ட்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் கோபமாவது குறைந்ததா?

பதில்: நானும் பார்த்திருக்கிறேன். கராத்தே யாரையும் தானாக நல்லவராக்காது. நமக்கு வராத ஒன்றை, நாலு பேர் முன்னால், வாரா வாரம் செய்யவைக்கும், அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொள்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறார். தலைக்கனம் வருவது அது நின்றுபோகும்போது. சொந்தமாக ஒரு வகுப்பு, எதிரே வணங்கும் மாணவர்கள், தன்னைத் திருத்த ஒருவரும் இல்லை என்ற நிலை எந்த மனிதருக்கும் ஆபத்து. அதனால்தான் இன்னமும் என்னைவிட மூத்தவர்களிடம் போய்ப் பழகுகிறேன். அங்கே என் முழங்கை வெளியே போகிறது என்பார்கள். பல வருடமாக அதே முழங்கைதான்.

கோபம் குறைந்ததா என்பதை என் வீட்டாரிடம் கேட்பதுதான் நியாயம். கோபம் வரும்போது தோள் ஏறுவது முன்பைவிடச் சீக்கிரம் தெரிகிறது, அது மட்டும் உண்மை. தெரிந்த பிறகும் சில நாள் கத்திவிடுகிறேன்.

கேள்வி: பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் வகுப்புக்குப் போக ஆசை. கட்டா எல்லாம் மறந்துபோயிற்று, உடம்பும் கனத்துவிட்டது.

பதில்: கட்டா நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் திரும்பி வரும், நடுவில் ஓரிரு திருப்பங்கள்தான் தடுமாறும். மூச்சு வர நாளாகும். முதல் ஒன்றிரண்டு மாதம் குதிக்கும் கட்டாவும் வேகமான கிக்கும் வேண்டாம். மனசு பழைய வேகத்தைக் கேட்கும், குதிகால் தசைநாரும் பின்தொடையும் அதற்குத் தயாராக இருக்காது. இடைவெளி விட்டதை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், முதல் நாளே உங்களை ஃபைட்டுக்கு நிறுத்தாமல் இருப்பார்.