மினி டிராக்டர் ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி): பட்டறைக்காரர் பதில்கள்

பொள்ளாச்சி: 18 எச்.பி. வண்டி. 3 அடி ரோட்டவேட்டரை இரண்டு பக்கமும் அரையடி நீட்டிக் கத்தி சேர்க்கலாமா?

வேண்டாம். 18 எச்.பி. என்பது இன்ஜினில், பி.டி.ஓ.வுக்கு (டிராக்டரின் பின்னால் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) வரும்போது அதைவிடக் குறைவு. நீட்டிய ரோட்டர் ஆட ஆரம்பித்தால் ஆயில் சீல் போகும், அப்புறம் பேரிங். இரண்டு சால் கூடுதலாக ஓட்டுங்கள்.

திண்டிவனம்: வேறு வண்டியின் ரோட்டவேட்டர் வாங்கினேன். டிராக்டரோடு இணைக்கும் பி.டி.ஓ. ஷாப்ட் நீளமாக இருக்கிறது. வெட்டலாமா?

வெட்டலாம், அளந்து. இன்ஜினை அணைத்துவிட்டு ஷாப்டைப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை ரோட்டவேட்டரிலும் மாட்டுங்கள். தூக்கி இறக்கிப் பார்த்து, இரண்டும் மிகவும் நெருங்கும் நிலையில் நிறுத்தி, பாதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போடுங்கள். அந்த நிலையிலும் குழாய் முட்டாமல் ஓர் அங்குலம் இடைவெளி மிஞ்ச வேண்டும். உள் குழாய், வெளிக் குழாய், பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிரை அரத்தால் தேய்த்து, தூளைத் துடைத்து, கிரீஸ் தடவுங்கள். கடைசியாக, அதிகம் விலகும் நிலையிலும் குழாய்கள் போதுமான அளவு ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கவரைத் தூக்கி எறியாதீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. வேட்டி நுனி சிக்கினால் கத்தக்கூட நேரமிருக்காது.

மன்னார்குடி: தேய்ந்த கத்தியில் பட்டை வைத்து வெல்டிங்?

போரான் ஸ்டீல் கத்தி என்றால் வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும். புதுசு போடுங்கள்.

உடுமலை: ஷேர் போல்ட் அடிக்கடி உடைந்தது. உறுதி கூடிய ஹை டென்சைல் போல்ட் போட்டுவிட்டேன், நிம்மதி.

யாருக்கு நிம்மதி? உடைவதற்கென்றே வைத்த போல்ட் அது. அது உடையாவிட்டால் கியர்பாக்ஸ் உடையும்.

உடுமலை: எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். கல்லுக்காட்டில் போல்ட் மாற்றிக்கொண்டே இருந்தால் உழவு எப்போது முடியும்?

சேலம்: அதானே! போல்ட் விற்கத்தான் கம்பெனிக்காரன் இப்படி வைக்கிறான்.

கியர்பாக்ஸ் விலையையும் அவனிடமே கேளுங்கள். கல்லுக்காட்டில் முதலில் கொத்துக் கலப்பை ஓட்டிக் கல்லைப் பொறுக்குங்கள். மண்ணில் இறக்கிய பிறகு பி.டி.ஓ. போட்டாலும் போல்ட் உடையும். தரைக்குச் சற்று மேலே சுற்றவிட்டு, மெதுவாக இறக்குங்கள். அப்படியும் உடைந்தால், சுமை கூடும்போது நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் வைத்த ஷாப்ட் வாங்குங்கள்.

சேலம்: ஸ்லிப் கிளட்சை நன்றாக இறுக்கிவிட்டால்?

அப்புறம் அதுவும் ஹை டென்சைல் போல்ட்தான்.

கோபி: 3 அடியை 4 அடியாக்கலாமா?

முதல் பதில்.

தேனி: ஷாப்ட் கவர் உடைந்துவிட்டது. சாக்கு சுற்றலாமா?

கூடாது! சாக்கே சிக்கி இழுக்கும். கவர் தனியாகக் கிடைக்கும். வரும்வரை வண்டி நிற்கட்டும்.

உடுமலை: சரி, எந்த போல்ட்தான் போடுவது?

தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். எண் கூடினால் உறுதி கூடும். மேனுவலில் சொன்ன எண்ணுக்கு மேலே போகாதீர்கள்.