வாளிக்குள்ள ஒரு மாசம்

கேள்வி: துபாய்ல இருக்குற மச்சான் லீவுல வரும்போது ஒரு வாளி எமர்ஜென்சி ஃபுட் கொண்டு வந்தார். ஃப்ரீஸ் ட்ரை பண்ணினது, 25 வருஷம் கெடாதாம், வெந்நீர் ஊத்துனா சோறு, பாஸ்தா, சூப் எல்லாம் ரெடி. ஒரு மாசம் தினம் 4 சர்விங், இத மட்டும் சாப்பிட்டு எடைய குறைச்சு வீடியோ போடலாம்னு இருக்கேன். ஒரு சர்விங் 230 கலோரி, சோடியம் 700 மில்லிகிராம்னு போட்டிருக்கு. உம்மா திட்டுறாங்க. நீங்க என்ன சொல்றீங்க? பிரிச்ச பாக்கெட் எவ்வளவு நாள் தாங்கும்?
- பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட வாசகர், கீழக்கரை

பதில்: நான் உம்மா கட்சி.

லேபிள்ல இருந்தத ஒழுங்கா எழுதி அனுப்பிட்டீங்க தம்பி, பெருக்கிப் பாக்கத்தான் மறந்துட்டீங்க. 230ஐ 4ஆல பெருக்குனா 920. உக்காந்து வேலை பாக்குற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020ல சொல்லியிருக்கு, உங்க கணக்கு அதுல பாதிகூட இல்ல. எடை குறையுமான்னா கண்டிப்பா குறையும், வாளியே இல்லாம ரெண்டு வேளை கஞ்சி மட்டும் குடிச்சாலும்தான் குறையும், இதுல ஃப்ரீஸ் ட்ரைக்கு என்ன பெருமை? சர்விங்க சின்னதா வச்சாத்தான் வாளி மேல பெரிய நம்பரா போட்டு விக்க முடியும். பாக்க வேண்டியது சர்விங் எத்தனைன்னு இல்ல, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கலோரி வருதுன்னுதான்.

இந்த மாதிரி பட்டினிய நெசமாவே சோதிச்சுப் பாத்திருக்காங்க. 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டா யுனிவர்சிட்டில ஆன்செல் கீஸ்ங்கிற விஞ்ஞானி, போர்ல பட்டினி கிடந்த ஜனங்கள எப்படித் தேத்துறதுன்னு தெரிஞ்சுக்க, தானா முன்வந்த 36 வாலிபர்கள 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். அவங்களுக்கே சுமாரா 1,570 கலோரி கிடைச்சுது. அதுக்கே எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புஸ்தகத்த எடுத்து வச்சுப் படிக்கிறது, யார பாத்தாலும் எரிச்சல், எப்பவும் குளிருதுன்னு புலம்பல். பக்கத்துல டாக்டருங்க இருந்தாங்க அவங்களுக்கு. உங்களுக்கு செல்ஃபி ஸ்டிக்.

உப்பு கணக்கு இன்னும் மோசம். 4 சர்விங்குக்கு 2,800 மில்லிகிராம் சோடியம் வருது, உலக சுகாதார நிறுவனம் 2,000த்த தாண்டாதீங்கங்குது. அப்புறம் தண்ணி. ஊற வைக்க, உப்புக்கு எடுக்குற தாகத்துக்குன்னு எல்லாத்துக்கும் நல்ல தண்ணிதான் வேணும், நம்ம பக்கம் பாதி ஊர்ல போர் தண்ணி வாயில வைக்க முடியாம கரிக்கும், காவேரித் தண்ணி வர்ற அன்னிக்கு பொம்பளைங்க நாலஞ்சு குடத்த தள்ளுவண்டில அடுக்கி ரோட்டோட தள்ளிட்டுப் போறத பாக்காதவர் இல்ல நீங்க. போர் தண்ணிலயே ஊத்திக்குறேன்னு கிளம்பிடாதீங்க, உப்பு மேல உப்பு. சோறு, பாஸ்தா, சூப்புன்னு சொல்றீங்க, நார்ச்சத்து எங்க? நாலாம் நாள் பாத்ரூம்ல உக்காந்து எனக்கு அடுத்த கேள்வி எழுதுவீங்க.

ஃப்ரீஸ் ட்ரைய நான் மட்டம் தட்டல, நல்ல டெக்னிக் அது. சாப்பாட்ட உறைய வச்சு, வேக்யூம்ல போட்டா உள்ள இருக்குற ஐஸ் தண்ணியாகாமலே நேரா ஆவியா போயிரும். அதனாலதான் வெயில்ல காஞ்ச றால் மாதிரி சுருங்காம அதே உருவத்துல, கையில எடுத்தா எடையே இல்லாம, உள்ள பூரா பொடிப்பொடி ஓட்டையா இருக்கு, வெந்நீர் பட்டதும் மடமடன்னு குடிச்சுக்கும். மலையேறுறவங்களுக்கும் ராணுவத்துக்கும் சரியான சரக்கு.

நம்ம ஊருக்கும் சேமிப்புச் சாப்பாடு புதுசு இல்லையே. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்ப மண்டபத்துலயும் தங்கச்சிமடத்துலயும் வீட்டுக்கு வீடு கருவாடு இருக்கும். ஆனா எந்த வீட்லயாவது 61 நாளும் கருவாட்ட மட்டும் தின்னு ஓட்டுறாங்களா? சோறு உண்டு, கத்திரிக்காயும் முருங்கைக்கீரையும் உண்டு, கருவாடு கூடத் துணைக்கு ஒரு துண்டுதான்.

வாளிய பத்திரமா வைங்க. 2024 நவம்பர் 20ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நாளுக்கு ஆகும். கூடவே ரெண்டு கேன் குடிதண்ணியும் கேஸ் அடுப்பும் வைக்கணும், அது இல்லாம வாளி வெறும் சுமை. தகரக் கூரைக்கு அடியில பரண்ல ஏத்திராதீங்க, 25 வருஷம்ங்கிறது குளுமையான, ஈரமில்லாத எடத்துக்குச் சொன்ன கணக்கு, நம்ம மே மாச வெயிலுக்கு இல்ல.

பிரிச்ச பாக்கெட்டுக்கு வர்றேன். கெடாம இருக்குறதுக்குக் காரணமே ஈரமும் காத்தும் உள்ள போகாம சீல் பண்ணியிருக்குறதுதான், உள்ள சின்னதா ஆக்ஸிஜன் உறிஞ்சுற பொட்டலம் ஒண்ணும் கெடக்கும், அத எடுத்துப் போட்டுட்டுதான் வெந்நீர் ஊத்தணும், மசாலான்னு பிச்சு கொட்டிராதீங்க. கீழக்கரை கடக்காத்துல காலைல பிரிச்சு தொறந்து வச்சா சாயங்காலம் நமத்துப் போயிருக்கும். மச்சான் முன்னாடி ஒரு பாக்கெட்ட டேஸ்ட்டுக்குப் பிரிச்சீங்கன்னா அன்னிக்கே வீட்ல எல்லாரும் சேர்ந்து முடிச்சிருங்க, வாப்பாவுக்கு பிரஷர் இருந்தா அவருக்கு மட்டும் வேணாம்.