மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாமா, அம்மா?

வணக்கம் அம்மா,

எனக்கு 29 வயது. கோவையில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 33. மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்க அப்பா எதையும் ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.

அவர் ஒரு மோட்டார் கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர். சம்பளம் 27,000. 2022-ல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து கணபதி பக்கம் வாடகை ஷெட் பிடித்து, பழைய லேத் ஒன்று போட்டு ஜாப் ஒர்க் எடுத்தார். ஷிப்ட் முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவார். ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர் பில் பணத்தை ஆறு மாதம், எட்டு மாதம் என்று இழுத்தார். ஷெட் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் கடன் வாங்கினோம். அந்தக் கடனுக்கு டியூ கட்ட இன்னொரு கடன். இப்போது ஷெட் இல்லை. லேத் மட்டும் நண்பர் வீட்டுச் சந்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேங்க் பர்சனல் லோன் பாக்கி 3,10,000. கிரெடிட் கார்டு 1,40,000. ஆப் லோன் ஐந்து, மொத்தம் 60,000. என் நகை 14 பவுனை 2024 ஆரம்பத்தில் அடகு வைத்தது 4,80,000; போன வருஷம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தோம். தெரிந்தவர் ஒருவரிடம் 3 வட்டிக்கு 1,50,000. புரோ நோட்டும், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட இரண்டு செக்கும் அவரிடம் இருக்கின்றன. சீட்டு எடுத்ததில் இன்னும் கட்ட வேண்டியது 1,80,000. அதற்கு ஜாமீன் கையெழுத்து எங்க அப்பா. ஆக 13,20,000. டியூ, வட்டி என்று மாதம் 42,000 போகணும். அவர் சம்பளமும் நான் பிளவுஸ் தைத்துச் சம்பாதிப்பதும் சேர்ந்து 32,000 தாண்டாது. வீட்டு வாடகை 6,500.

போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஆப்காரர்கள் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விடுகிறார், அரை மணி நேரம் தண்ணீர் திறந்த சத்தம் மட்டும் கேட்கும். சரியாகச் சாப்பிடுவதில்லை. போன வாரம் "நான் இல்லைன்னா இன்சூரன்ஸ் பணமாவது உங்களுக்கு வரும்"னார். இரண்டு நாள் முன்னாடி பாப்பா தன் விளையாட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்பா வீட்ல இல்ல, அப்பா வீட்ல இல்ல" என்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன்.

நண்பர் கோர்ட்டில் திவால் மனு போடச் சொல்கிறார்: "ஒரு ஐ.பி. போட்டு எல்லாருக்கும் மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிடு, ஒருத்தனும் வாசலுக்கு வர மாட்டான். அதுக்கு முன்னாடி பைக்கையும் லேத்தையும் மாமனார் பேருக்கு மாத்திடு." அவருக்கும் அந்த யோசனை வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸ் வருமா? தாலியைக்கூடக் கழற்றச் சொல்வார்களா? ஊரில் எங்க அப்பா தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? நகையை விற்கவும் மனசு வரவில்லை. அதில் 5 பவுன் ரெட்டைவடச் செயின் எங்க அம்மாவுடையது. அம்மா இப்போது இல்லை.

இன்னொன்று. மகளிர் குழுவில் நான் 40,000 கடன் எடுத்து அவருடைய ஒரு ஆப் லோனைக் கட்டினேன். வாரம் 1,050 ரூபாய் தையல் காசில் கட்டுகிறேன். அது அவருக்குத் தெரியாது.

*

அன்புள்ள மகளுக்கு,

இவ்வளவு எண்களுக்கு நடுவில் ஒரு வரியை எழுதிவிட்டு, நிற்காமல் கடந்துபோயிருக்கிறாய். "நான் இல்லைன்னா இன்சூரன்ஸ் பணமாவது வரும்." கடன் கழுத்தை நெரிக்கும்போது சிலர் விரக்தியில் சொல்கிற பேச்சுதான் என்று விட்டுவிடாதே. இன்றைக்கே, குழந்தை தூங்கிய பிறகு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேள்: "செத்துப் போகலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் நாமே அந்த நினைப்பை ஊட்டியதாகிவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியாக விடாதே. 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போ. தூக்கமும் பசியும் போய்விட்ட ஆளிடம் கடன் கணக்குப் பேசி ஒரு பயனும் இல்லை. முதலில் இது, மற்றதெல்லாம் பிறகு.

இப்போது ஐ.பி.க்கு வருவோம். நான் வக்கீல் இல்லை. ஆனால் என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிக்கு மேல் கடனோடுதான் வருகின்றன, அதனால் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்குச் சென்னைக்கு வெளியே இன்னும் 1920-ம் ஆண்டுச் சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று அதில் இருக்கிறது, எந்தக் காலத்துச் சட்டம் என்று பார்த்துக்கொள்.

மனு போடுவது குற்றமும் இல்லை, அவமானமும் இல்லை. ஆனால் நண்பர் சொல்வதுபோல் எல்லாம் அதோடு முடிந்துவிடாது. அடகுக் கடையில் இருக்கும் நகை மேல் கடன் கொடுத்தவருக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கும், ஏலம் விடலாம். சீட்டுக்கு உன் அப்பா ஜாமீன். உன் வீட்டுக்காரர் திவாலானாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு போகாது, அவரிடம் போய் நிற்பார்கள். அப்பா தலை நிமிர்ந்து நடப்பாரா என்று கேட்டாயே, மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் முதலில் அடி விழுவது அவருக்குத்தான். உங்கள் 13 லட்சத்தில் நகையும் சீட்டுமே 6,60,000. பாதிக் கடனை ஐ.பி. தொடவே தொடாது.

பைக்கையும் லேத்தையும் மாமனார் பேருக்கு மாற்றச் சொன்னாரே அந்த நண்பர், அதை மட்டும் கனவிலும் செய்ய வேண்டாம். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் காசு வாங்காமல் இப்படிக் கைமாற்றியதை நீதிமன்றம் ரத்து செய்யலாம். சொத்தை மறைத்தார் என்று ஆகிவிட்டால், வெறும் கடனாளியாக இருந்தவர் குற்றம் செய்தவர் ஆகிவிடுவார். லேத்தை வெளியாளுக்கு நியாயமான விலைக்கு விற்று, நண்பரின் பங்கைக் கொடுத்துவிட்டு, மீதியைக் கடனில் போடுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால் துரு மட்டும்தான் ஏறும்.

போலீஸ் விஷயம். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் வழக்கு, அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது. ஆனால் செக் பவுன்ஸ் வேறு. அந்த மூன்று வட்டிக்காரர் கையில் இருக்கும் இரண்டு வெற்று செக்தான் உங்கள் வீட்டில் எனக்குப் பெரிய கவலை. தொகை பார்த்தால் சின்னது. ஆனால் வழக்கு என்று வந்தால் உங்களைக் கூண்டில் ஏற்றக்கூடிய கடன் அதுதான்.

தாலி விஷயத்தில் தைரியமாக இரு. கோர்ட் ஜப்தியே வந்தாலும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை இவற்றைத் தொடக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவே சொல்கிறது. எத்தனையோ பெண்கள் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். உன் கடிதத்தில் 13,20,000 என்று கூட்டியிருக்கிறாய். குழுக் கடனைச் சேர்த்தால் அதைவிட அதிகம். அவருக்கு உன் குழுக் கடன் தெரியாது. அவர் பாத்ரூமுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசுகிறாரே, அங்கே உனக்குத் தெரியாத ஆறாவது ஆப் ஒன்று இருக்காது என்று உன்னால் சத்தியம் செய்ய முடியுமா? ஒரு வீட்டுக் கடன் எவ்வளவு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியவில்லை. இருவரும் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைக்கிறீர்கள்.

அதனால் யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுகிறீர்கள். ஆப்காரன் காலை ஏழு மணிக்குக் கத்துகிறான், அவனுக்குப் போகிறது. அப்பா ஒரு நாளும் கத்த மாட்டார், அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு பின்னால் நிற்கிறது. பயம்தான் வரிசை போடுகிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை உன் அப்பா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் உட்காருங்கள். முதல் பக்கத்தில் முதல் வரியாக உன் குழுக் கடன் 40,000-ஐ நீயே எழுது. அவர் கோபப்படுவார். படட்டும். உன் வரி முதலில் இருந்தால் அவருக்கும் தன் வரியை எழுதக் கை வரும். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, யார் ஜாமீன், யார் கையில் செக், இவ்வளவும் வரட்டும். ஐ.பி. மனு போட்டாலும் கடன்காரர் பட்டியல் முழுசாகக் கொடுத்தாக வேண்டும். ஆகவே போடுவதோ வேண்டாமோ, வேலை அந்த நோட்டில்தான் ஆரம்பிக்கிறது.

பிறகு வரிசையை நீங்கள் போடுங்கள். அரிசி, வாடகை, பாப்பா முதலில். அடுத்து வெற்று செக் இருக்கும் கடனும், அப்பா ஜாமீன் நிற்கும் சீட்டும். நகைக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 2024 ஆரம்பத்தில் இருந்த விலை வேறு, இன்றைய தங்கம் விலை வேறு. அம்மாவின் ரெட்டைவடத்தைத் தொடாமல், மற்ற 9 பவுனை மட்டும் விற்றாலே நகைக் கடன் வட்டியோடு தீர்ந்து, கையில் கொஞ்சம் மிச்சமும் நிற்க வாய்ப்பு அதிகம். அந்த மிச்சத்தில் மூன்று வட்டிக்காரரிடம் எவ்வளவு முடிகிறதோ முடித்து, செக்கையும் புரோ நோட்டையும் திரும்ப வாங்கிவிடலாம். நகையைத் திருப்பி விற்றுத் தருவதாகச் சொல்லும் முதல் கடையிலேயே கொடுத்துவிடாமல் மூன்று கடையில் விலை கேளுங்கள். கூட அப்பாவைக் கூட்டிப் போ. எல்லாம் ஏலத்தில் போனால் ரெட்டைவடமும் சேர்ந்து போகும் என்பதை நினைத்துப் பார்.

பேங்குக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். பர்சனல் லோன் தவணைக் காலத்தை நீட்டித் தரும்படியும், கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படியும் எழுத்தில் கேளுங்கள். மினிமம் டியூ கட்டிக்கொண்டே இருந்தால் அசல் நகராது. "ஒரே தொகை கட்டி முடித்துவிடுங்கள்" என்றால் கடிதம் கையில் வந்த பிறகுதான் பணம். சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் 'செட்டில்டு' என்று சில வருடம் நிற்கும், அது இப்போது உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. ஒரு ஆப் கடனைக் கட்ட இன்னொரு ஆப்பைத் திறப்பது இன்றோடு நிற்கட்டும்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஏழு மணிக்கு வருகிற அழைப்புகளைத் தேதி, நேரத்தோடு அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வை. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், கட்டணம் எதுவும் இல்லை. போன் காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்குப் படம் அனுப்பி மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடு. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் இருக்கிறது, வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. மூன்று வட்டி என்பது வருடத்துக்கு 36 விழுக்காடு என்பதை அந்த வட்டிக்காரரிடம் பேசும்போது மறக்க வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்று யோசிக்காதே. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். நோட்டோடு போய் உட்கார். இவ்வளவும் செய்த பிறகும் கார்டும் பர்சனல் லோனும் நகரவே இல்லை என்றால், அப்போது ஐ.பி. பற்றி அந்த வக்கீல் சொல்லட்டும், நண்பர் சொல்ல வேண்டாம்.

அப்பாவிடம் நீ சொல்லித்தான் ஆக வேண்டும். சீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்வதற்கு முன்னால், உன் வாயால் கேட்கட்டும். கணவரையும் கூட்டிப் போ, ஆனால் பேச்சை நீ ஆரம்பி. அப்பா கையெழுத்துப் போட்டது உன்னை நம்பித்தான்.

நாளைக் காலை போன் அடித்தால் பாப்பா கையில் கொடுக்க வேண்டாம். நீயே எடு. "இருக்கார்ங்க. கணக்குப் பார்த்துக்கிட்டு இருக்கோம், இருபதாம் தேதி எழுத்துல பதில் தர்றோம்" என்று பாப்பா காதில் விழும்படி சொல்லிவிட்டு வை.