போர்டுதான் போச்சா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாப்பேட்டையில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறோம். அலுவலக டெஸ்க்டாப்பை (மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 மதர்போர்டு) ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. "போர்டு போயிடுச்சு" என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வராவிட்டால் முதலில் ராமைத்தான் (தற்காலிக நினைவகப் பட்டை) சந்தேகப்பட வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் தீர்ந்துவிடும். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள். தறிக்கூடத்தில் ஸ்லாட்டுக்குள்ளும் பஞ்சு அடைந்திருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, ஒரே ஒரு ராமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். ப்ளோயர் பிடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் நிறுத்திக்கொள்ளுங்கள். தாறுமாறான வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும்.

அப்படியும் வரவில்லையா? போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதிய பின்களில் சின்ன பஸ்ஸரை மாட்டி, ராமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். விட்டு விட்டு பீப் அடித்தால் புராசஸரும் போர்டும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. சத்தமே இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் வாருங்கள். மல்டிமீட்டரில் மஞ்சள் கம்பி 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட் காட்ட வேண்டும். கணினி ஓடும்போதே அளந்து பாருங்கள். சுமையில்லாமல் அளந்தால் நோஞ்சான் எஸ்.எம்.பி.எஸ்.கூட நல்ல பிள்ளையாக நடிக்கும். இத்தனையும் சரி என்றால், அல்லது புராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளைகள்) தலை உப்பியிருந்தால், போர்டை மாற்றலாம்.

எச்61 போர்டு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, எல்.ஜி.ஏ. 1155 சாக்கெட், டி.டி.ஆர்.3 ராம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். அதை விட்டுப் புதுத் தலைமுறை போர்டுக்குப் போனால் புராசஸர், ராம் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் மண்டி. புது போர்டை நானே மாட்டினேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. போர்டே பழுதா? இது சரியானாலும் விண்டோஸும் டேலியும் பழையபடி வருமா?

பதில்: அரைச் சுற்றில் நின்றால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்கிறது. போர்டைக் கழற்றி, கேபினெட்டில் இருக்கும் பித்தளைக் கால்களை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றாலும், அது பின்பக்க சாலிடரைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். பின்பக்கத் தகட்டின் மெல்லிய நாக்கு ஒன்று யு.எஸ்.பி. போர்ட்டுக்குள் மடங்கி நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு போர்டை அட்டைப்பெட்டி மேல் வைத்து, புராசஸர், அதன் சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 பின் கேபிள், புராசஸருக்கான 4 பின் கேபிள் ஆகியவற்றை மட்டும் மாட்டுங்கள். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். இங்கே ஓடினால் குறை கேபினெட்டில்தான்.

இங்கேயும் நின்றுவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, புராசஸரைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வரிசையாக மின்னும் பின்களில் ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்திருக்கிறது. பின் வளைந்த போர்டுக்கு வாரன்டி கிடைப்பது கஷ்டம். புராசஸரின் இரு பக்கப் பள்ளங்களையும் பொருத்தி மெதுவாக வைத்தால் போதும், அழுத்தவே கூடாது. புராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே உள்ள பழைய பேஸ்ட்டை வழித்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிது வையுங்கள். ஹீட் சிங்கின் நான்கு பின்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்தி, கறுப்புப் பின் நான்கும் போர்டின் அடியில் எட்டிப் பார்க்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். கேபினெட்டுக்குள் வைத்த பிறகு இதைப் பார்க்க முடியாது.

கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டப்பட்டது; போர்டு மாறினால் புது உரிமம் கேட்கலாம். தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமம் கூடவே வரும். விண்டோஸ் கிளம்பாமல் நீலத் திரை வந்தால் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) ஹார்ட் டிஸ்க் இணைப்புக்கான சாட்டா மோடை (ஏ.எச்.சி.ஐ. அல்லது ஐ.டி.இ.) பழைய போர்டில் இருந்தபடி வையுங்கள். கணக்கு மென்பொருளான டேலியின் உரிமமும் கணினியோடு பிணைந்ததுதான். பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே அதைச் சரண்டர் செய்திருந்தால் (உரிமத்தை அந்தக் கணினியிலிருந்து விடுவித்திருந்தால்) அலைச்சல் மிச்சம்.

கேள்வி: ஏற்காட்டில் காலையில் ஆன் செய்தால் நாலைந்து தடவை முயன்ற பிறகே கிளம்புகிறது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் கடையில் கொடுத்தால் அங்கே ஒரே தடவையில் ஓடுகிறது! போர்டை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய கெப்பாசிட்டர் குளிரில் இன்னும் மந்தமாகும். சேலத்துச் சூட்டில் அதே கெப்பாசிட்டர் சமாளித்துவிடும். சோதிக்க, குளிர்ந்த காலையில் எஸ்.எம்.பி.எஸ். ஓட்டைகள் வழியாக ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் இளஞ்சூட்டில் ஊதிவிட்டு ஆன் செய்யுங்கள். முதல் தடவையிலேயே கிளம்பினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றுங்கள். அதை நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் நிற்கும். கணினியை மறுபடி கீழே கொண்டுபோக நேர்ந்தால் போர்டு அடியிலும் ஹீட் சிங்க் அதன் மேலும் இருக்கும்படி பெட்டியைக் கிடத்துங்கள். வளைவுகளில் ஹீட் சிங்க் ஆடாது.