கோயில் தீர்ப்பு கையில் இருக்கிறது, மறுமணம் செய்யலாமா?

கேள்வி: நான் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். 2016-இல் கோயிலில் திருமணம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமியார் கொடுமை, 50 பவுன் நகையை வைத்துக்கொண்டார்கள், கணவர் என்னிடம் அன்பாகப் பேசியதே இல்லை. 2021-இல் மகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். 2023-இல் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கும், ஆயர் இல்லத் திருமணத் தீர்ப்பாயத்தில் (திருச்சபையின் சொந்த நீதிமன்றம்) மனுவும் போட்டேன். தீர்ப்பாயத்தில், அப்பாவின் வற்புறுத்தலால் சம்மதித்தேன் என்ற காரணத்தில் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. கோர்ட் வழக்கு இழுக்கிறது. அடுத்த வாய்தாவில் எனக்குக் குறுக்கு விசாரணை. நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. எங்கள் பங்குத்தந்தை கோர்ட் தீர்ப்பும் வேண்டும் என்கிறார். மாமா, வேறு ஊரில் தெரிந்த சாமியை வைத்து முடித்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? கோயில் தீர்ப்பைக் கோர்ட்டில் தாக்கல் செய்தால் வழக்கு சீக்கிரம் முடியுமா? விவாகரத்து என்று இல்லாமல் கோர்ட்டிலும் 'செல்லாத திருமணம்' என்றே வாங்க முடியுமா?

பதில்: மாமியாரைப் பற்றி நீங்கள் விரிவாக எழுதியதைப் படித்தேன். உங்கள் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டதா என்பது ஒன்றுதான் விஷயம். வரவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்றும் அவருடைய மனைவி.

ஆயர் இல்லத் தீர்ப்பு திருச்சபைக்குள் செல்லும். அரசுச் சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தீர்ப்பாயத்தில் முதல் திருமணம் செல்லாது என்று வாங்கிக்கொண்டு மறுமணம் செய்த ஒரு பெண்ணின் இரண்டாம் திருமணம்தான் அங்கே செல்லாததாகிப் போனது. வழக்குப் போட்டவர் அந்த இரண்டாவது கணவரேதான் என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். திருச்சபைத் தீர்ப்பை அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கையும் 2017-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கதவு சாத்தியே இருக்கிறது.

இப்போது மறுமணம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இனிப் பிறக்கப்போகும் குழந்தையின் நிலை. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளைக் காப்பாற்ற இந்துத் திருமணச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு இருக்கிறது. கிறிஸ்தவர்களான நமக்கு அப்படி ஒரு பொதுவான பாதுகாப்பு கிடையாது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் 21-ஆம் பிரிவு உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது. ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிக்கச் சொல்லும் மாமா அப்போது வந்து நிற்கமாட்டார். தீர்ப்பு வந்த பிறகும், அது இறுதியாகும் வரை பொறுத்திருக்க வேண்டும் (அதே சட்டம், 57-ஆம் பிரிவு).

கோர்ட்டிலும் 'செல்லாத திருமணம்' என்று கேட்கும் யோசனை வேண்டாம். பெயர் கௌரவமாகத் தெரிகிறது என்று பலர் இதைக் கேட்கிறார்கள். அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவில் உள்ள காரணங்கள் மிகக் குறுகியவை. வற்புறுத்தல் ஒரு காரணம்தான். ஆனால் ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்து ஒரு மகளும் பிறந்த பிறகு எந்த நீதிபதியும் எளிதில் நம்பமாட்டார். தவிர, மனைவிக்கு நிரந்தர ஜீவனாம்சம் தரும் 37-ஆம் பிரிவு விவாகரத்தையும் நீதிமன்றப் பிரிவையும்தான் (விவாகரத்து ஆகாமலே தனித்து வாழக் கோர்ட் தரும் தீர்ப்பு) சொல்கிறது, செல்லாத் திருமணத்தைச் சொல்லவில்லை.

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். இதை நீங்கள் கேட்கவே இல்லை.

குடும்ப நல நீதிமன்றத்தில் போட்ட உங்கள் மனுவின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு, இருவரின் முழுச் சம்மதத்துடன் திருமணம் நடைபெற்றது' என்று ஒரு வரி இருக்கும். எல்லா வக்கீல் அலுவலகத்திலும் கம்ப்யூட்டரில் கிடக்கும் வரி அது; யாரும் யோசித்து எழுதுவதில்லை. அப்புறம் 'ஆரம்பத்தில் நன்றாக வாழ்ந்தோம், பின்னர் கொடுமை தொடங்கியது' என்று வரும். கையெழுத்து உங்களுடையது. தீர்ப்பாயத்தில் நீங்கள் வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சொன்னது என்ன? அப்பா மிரட்டினார், எனக்குச் சம்மதமே இல்லை, முதல் நாளிலிருந்தே ஒட்டவில்லை. இரண்டும் ஒரே பெண்ணின் வாக்குமூலம்.

அங்கே பேசியது அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறீர்கள். தீர்ப்பாயத்தில் உங்கள் கணவரும் ஒரு தரப்பு. மனுவில் நீங்கள் எழுதியது அவருக்குத் தெரியாமல் போயிருக்காது. நகலே கையில் இருக்கலாம். சாமியார்கள் ரகசியம் காப்பார்கள், உங்கள் கணவரின் வக்கீல் காக்க வேண்டியதில்லை. இந்தக் காகிதம் சாட்சியச் சட்டப்படி செல்லாது என்று ஆட்சேபிப்பதும் கடினம். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984, 14-ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்துக்கு உட்பட்டாலும் இல்லாவிட்டாலும் வழக்குக்கு உதவும் எந்த ஆவணத்தையும் வாங்கிக்கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது.

குறுக்கு விசாரணை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கொடுமை பற்றி அந்த வக்கீல் ஒன்றுமே கேட்கமாட்டார். இரண்டு தாளையும் நீட்டி, இதில் எது உண்மை அம்மா என்பார். எதைச் சொன்னாலும் இன்னொன்று பொய்யாகும். கொடுமைக்கு உங்களிடம் மருத்துவச் சீட்டோ போலீஸ் புகாரோ இருப்பதாக எழுதவில்லை. உங்கள் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. 50 பவுனுக்கும் அதே வார்த்தைதான். அது ஒரு தடவை உடைந்தால் இரண்டும் போகும். நல்ல வழக்குகள் இப்படிப் படுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மகள் விஷயத்தில் இதைவிட மோசமாகலாம். தீர்ப்பாயத்தில் காரணத்தைப் பலப்படுத்த, உறவினர் யாராவது 'அவள் மனசு சரியில்லாமல் இருந்தாள், சாப்பிடாமல் கிடந்தாள்' என்று அன்போடு சாட்சி சொல்லியிருப்பார்கள். குழந்தையை யார் வளர்ப்பது என்ற பேச்சு வரும்போது அந்த வரி எதிர்த்தரப்பின் கைக்குப் போனால் என்ன ஆகும்? கோயில் தீர்ப்பை நீங்களே தாக்கல் செய்வதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

என் ஆலோசனை சமரசம்தான். இருவரும் சேர்ந்து விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக் கேளுங்கள். இரண்டு ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அது உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. மனு போட்டு ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். அங்கே யார் கொடுமை செய்தார், யார் சம்மதித்தார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த இரண்டு தாள்களும் எதிரெதிரே வைத்துப் படிக்கப்படாது. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் காணொளி மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

நகை முழுதாகத் திரும்பாது. பாதி வந்தாலே வாங்கிக்கொண்டு நகருங்கள் என்பேன். விட்டுக்கொடுக்கக் கூடாதவை வேறு: மகள் உங்களோடு இருப்பது, அவள் படிப்புக்கு அவள் பெயரில் வைப்புத்தொகை, பாஸ்போர்ட்டுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டியபோது மறுக்கமாட்டேன் என்ற ஷரத்து. பணத்தில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இரண்டாவது முறை ஆஜராகும் அன்று கோர்ட்டிலேயே டிடியாகவும் வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். நடுவில் மனம் மாறி ஒருவர் பின்வாங்கினால் மனு விழுந்துவிடும். எதையும் வாய்வார்த்தையில் விடாதீர்கள். புதிய சம்பந்தம் பற்றி உங்கள் பக்கத்து ஆட்கள் ஊரில் வாய் திறக்கக் கூடாது. உங்களுக்கு அவசரம் என்று தெரிந்த அன்றே அவர் பேரத்தை ஏற்றிவிடுவார்.

அடுத்த வாய்தாவில் கூண்டில் ஏறாதீர்கள். அதற்கு முன்பே உங்கள் வக்கீலிடம் தீர்ப்பாயத்தில் கொடுத்த மனுவையும் வாக்குமூலத்தையும் காட்டுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் அவற்றைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறகு வழக்கை மத்தியஸ்த மையத்துக்கு அனுப்பக் கோரி மனு போடச் சொல்லுங்கள்.