மருத்துவம் படிக்காமல் சுகாதாரத் துறையில் என்ன வேலை?

"டாக்டருக்கும் படிக்க மாட்டேன், நர்ஸிங்கும் வேண்டாம் என்கிறாள். அப்புறம் சுகாதாரத் துறையில் இவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் மகள் சொல்லும் சமூக சுகாதாரக் கல்வியாளர், அதாவது உடல்நலத்தைக் காக்கும் வழிகளை மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் என்ற வேலையை வெளியிலிருந்து பார்த்தால் நோட்டீஸ் கொடுப்பது போலத்தான் தெரியும். ஆனால் சொன்னது மக்களுக்குப் புரிந்ததா என்று பார்ப்பதும் இந்த வேலைதான். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1980இல் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் வெல்லமும் கலந்த நீரைத் தயாரிக்கத் தாய்மார்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது. சொல்லிவிட்டு வந்தால் மட்டும் முழுச் சம்பளம் கிடைத்துவிடாது. பிறகு வேறொருவர் போய்ச் சில வீடுகளில் விசாரிப்பார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். கற்றுக்கொடுத்தவரின் ஊதியம் அதைப் பொறுத்தது! பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். எத்தனை கூட்டம் போட்டோம் என்று மட்டும் அறிக்கை எழுதும் திட்டங்கள் இன்றும் நிறைய இருக்கின்றன என்பது வேறு கதை.

கொள்கைப் பணி இதன் அடுத்த கட்டம். புகையிலையின் கெடுதலை வகுப்பில் விளக்குவது கல்வி. பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடுவது கொள்கைப் பணி. 2003இல் உலக சுகாதார நிறுவனத்தில் ஏற்கப்பட்ட புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், முகப்பில் குறைந்தது 30 சதவீதம் எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சொல்கிறது. இப்படி ஒரு வரியைச் சட்டத்தில் ஏற்றப் புள்ளிவிவரமும் தெரிய வேண்டும், பொறுமையும் வேண்டும்.

படிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சமூகப்பணி, ஊட்டச்சத்து, உளவியல், இதழியல் என எதிலிருந்தும் வரலாம். மேலே பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் இருந்தால் வழி அகலும். கணக்கு வராது என்று புள்ளியியலை மட்டும் தவிர்க்கக் கூடாது.

சம்பள விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். தொண்டு நிறுவன வேலைகள் பெரும்பாலும் திட்டத்தோடு வருபவை. நிதி நின்றால் ஒப்பந்தமும் முடியும். அரசுப் பணியில் நிலைத்தன்மை அதிகம், ஆனால் அரசின் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்துப் பேசுவது கடினம். எது தனக்கு ஒத்துவரும் என்று அவள்தான் யோசிக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு மருந்துச் சீட்டையோ தடுப்பூசித் தகவலையோ அதிகம் படிக்காத ஒருவருக்கு விளக்கட்டும். மறுநாள் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லட்டும். அவர் தப்பாகச் சொன்னால், "இவருக்குப் புரியாது" என்று அலுத்துக்கொள்கிறாளா, "எந்த இடத்தில் குழப்பினேன்" என்று யோசிக்கிறாளா? இரண்டாவது என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் கட்டணம் கட்டும் முன், களப்பயிற்சி எத்தனை வாரம், அதை மேற்பார்வை செய்வது யார் என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.